கரண்டுக் கம்பம் வரை வந்த மூச்சு

உத்தமபாளையத்தில் எனக்கு ஒரு சைக்கிள் கடை. பஞ்சர் பார்ப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்க வேண்டும். குமிழி வந்தால் ஓட்டை, வராவிட்டால் டியூப் நல்ல டியூப். இருபது வருடம் அந்தச் சட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தவன், இரண்டாயிரத்து மூன்று ஆடி மாதத்தில் தேனியில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் பதினொரு நாள் படுத்துக்கொண்டு, கட்டிலுக்குக் கீழே இருந்த பாட்டிலில் என் சொந்தக் குமிழிகளை எண்ணினேன். என் வலது விலாவிலிருந்து ஒரு குழாய் அந்தப் பாட்டில் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. ஓட்டை விழுந்த டியூப் இந்தத் தடவை நான்தான்.

என்ன ஆச்சு காதர் என்று கேட்கிறவர்களிடம் ‘நெஞ்சுவலி’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். அது நெஞ்சுவலி இல்லை. நடந்ததை நடந்தபடி ஒரு தடவையாவது எழுதி வைக்க வேண்டும் என்று மனசு அரிக்கிறது. எழுதினால் இத்தனை வருடம் நான் சொல்லாமல் சொன்ன ஒரு பொய்யையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். போகட்டும், எழுதிவிடுகிறேன்.

கடை ஒரு பக்கம் இருக்க, கல்யாணம், திருவிழா, சாவு என்று வந்தால் நான் துரைராசு மாஸ்டரின் பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதுகிறவன். வீரபாண்டித் திருவிழாவிலிருந்து கம்பம் ஊர்க் கல்யாண ஊர்வலம் வரை எங்கள் செட் போகாத இடம் இல்லை. “நமக்கெதுக்குடா இந்த ஊதல்?” என்று எங்கள் அத்தா கண்ணை மூடி மௌத்தாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பித்தளை வாய் உதட்டில் வந்து உட்கார்ந்தால் எனக்கு வேறொன்றும் வேண்டாம், அவ்வளவுதான்.

பார்க்கிறவர்களுக்கு ஊதுவது லேசான காரியம். வெறும் காற்றை விட்டால் ட்ரம்பெட்டில் புஸ் என்றுதான் வரும். உதடுகளை ஒட்டி இறுக்கி, அந்த இறுக்கத்துக்கு நடுவே காற்றைத் தள்ளி உதட்டை அதிர வைக்க வேண்டும். கன்னம் உப்பக் கூடாது. மூச்சு நெஞ்சிலிருந்து கிளம்பக் கூடாது, அடிவயிற்றிலிருந்து கிளம்ப வேண்டும். மேல் ஸ்வரத்துக்குப் போகப் போக வயிறு கல்லாகும், கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கும். அதனால் நாங்கள் இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வோம். வயிறு அந்தத் துண்டை முட்டிக்கொண்டு மூச்சைத் தள்ளும்.

சாவு வீட்டில் எங்கள் செட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. பாடையோ பெட்டியோ, தோளில் தூக்குகிற நேரத்தில் டிரம், கிளாரினெட் எல்லாம் நின்றுவிடும். ட்ரம்பெட் மட்டும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து, தூக்கியவர்கள் தெருமுக்குத் திரும்பும்வரை அறுக்காமல் ஊத வேண்டும். அதற்கு ‘ஒத்த மூச்சு’ என்று பெயர். அறுந்துவிட்டால், போகிறவருக்குப் போக மனசில்லை, நடுத்தெருவில் நின்றுவிட்டார் என்று சொல்வார்கள். நான் ஊதி ஒரு தடவைகூட அறுந்ததில்லை. தெருமுக்கு எவ்வளவு தூரமானாலும் சரி. ‘ஒத்த மூச்சு காதர்’ என்றுதான் கம்பம் பக்கம் என்னைத் தெரியும். சால்வை போட்டிருக்கிறார்கள். “மனுசனா இவன், பலூனா?” என்று கேட்டிருக்கிறார்கள்.

முழுப் பூசணிக்காயை நான் சோற்றில் மறைத்த கதை இதுதான். அது ஒரு ஆளின் மூச்சே இல்லை.

எனக்கு இடது பக்கம் ஒரு எட்டு பின்னால் சூசை நிற்பான். ராயப்பன்பட்டிக்காரன், ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலை, செட்டில் ரெண்டாவது ட்ரம்பெட். என் மூச்சு தீரப் போகிற நேரத்தில் என் காது சிவக்குமாம். அதைப் பார்த்து அவன் அதே ஸ்வரத்தில் அடியிலிருந்து மெல்ல எழும்புவான். என் சத்தம் தேயத் தேய அவன் சத்தம் ஏறும். நான் ட்ரம்பெட்டை உதட்டிலிருந்து எடுக்காமல், ஊதுகிற மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு, மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்வேன். பிறகு நான் ஏற, அவன் தேய்ந்து காணாமல் போவான். எங்கே ஒட்டுப் போட்டது என்று எவனுக்கும் தெரியாது. முதலும் கடைசியும் என்னுடையது, நடுவில் இருப்பது அவனுடையது. பேர் மட்டும் எனக்கு.

ஒரு தடவை சால்வை போட்ட அன்று, பஸ்ஸில் வரும்போது, “மச்சான், இதுல பாதி உன்னோடது, கிழிச்சுத் தரவா?” என்று கேட்டேன். சூசை சிரித்தான். “கிழிச்சா ரெண்டு பேருக்கும் ஆகாது மச்சான். நீயே போத்திக்க” என்றான். நானும் போர்த்திக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஆடி மாதம் சூசை செத்துப்போனான். தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வந்து, குளித்து, பாக்கியத்திடம் சோறு போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்தவன், தட்டு வருவதற்குள் சுவரில் சாய்ந்துவிட்டான். நெஞ்சடைப்பு என்றார்கள். நாற்பத்திரண்டு வயது.

பாக்கியம் அவன் மனைவி. அழுது அழுது குரலே போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, “நீங்கதாண்ணே ஊதணும்” என்றாள். நான் தலையாட்டினேன்.

சூசை வீட்டிலிருந்து தெருமுக்கு வரை அறுபது காலடி. பெட்டி தூக்கியவர்கள் நடக்கிற நடையில் அறுபது எட்டு. பாதி வழியில், முப்பத்திரண்டாவது எட்டில் ஒரு கரண்டுக் கம்பம். முன்கூட்டியே நடந்து எண்ணிப் பார்த்துக்கொண்டேன். என் மூச்சு கம்பம் வரைக்கும் வரும், நிச்சயமாக வரும். அதற்குப் பிறகு இருக்கிற இருபத்தெட்டு எட்டுக்கு ஆள் இல்லை. எங்கள் செட்டில் வேறு ட்ரம்பெட் கிடையாது. மாஸ்டரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் இத்தனை வருடப் பொய்யையும் சாவு வீட்டில் வைத்து அவிழ்க்க வேண்டும். நான் சொல்லவில்லை. துண்டை இடுப்பில் கட்டாமல் மேலே ஏற்றி, விலாவோடு சேர்த்து, நூல் தெறிக்கிற மாதிரி இறுக்கினேன். ஒரு சொட்டு மூச்சுகூட வீணாகக் கூடாது என்று நினைத்தேன். புத்தி கெட்ட நினைப்பு.

மத்தியானம் மூன்று மணி. பெட்டியைத் தூக்கினார்கள். நான் ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு பெட்டியோடு நடந்தேன். பத்து எட்டு, இருபது எட்டு. கம்பம் வந்தது. கண் இருட்டியது. விடவில்லை. இன்னும் ஒரு முக்கு முக்கினேன். வலது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பொட்டென்று விட்டது. கத்தி சொருகினது போல ஒரு வலி தோள்பட்டைக்கு ஏறியது. நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ட்ரம்பெட் என் மடியில் கிடந்தது.

ஆனால் ஊதல் போய்க்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் காதில் கேட்டது. இடது பக்கம், ஒரு எட்டு பின்னாலிருந்து, அதே ஸ்வரத்தில், அடியிலிருந்து மெல்ல எழும்பி. பெட்டி முக்குத் திரும்பும்வரை கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். வாய்வுப் பிடிப்பு என்று தெருவே சொன்னது. என் மனைவி நூர்ஜகான் பூண்டைச் சுட்டுக் கொடுத்தாள், ஓமத் தண்ணி கொடுத்தாள், கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விலாவில் தேய்தேய் என்று தேய்த்தாள். ரெண்டு நாள் போனது. மூன்றாம் நாள் கடையின் ரெண்டு படியை ஏற முடியாமல் ஏர் பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அன்றைக்குக் கணவாயிலிருந்து அப்படி ஒரு காற்று. கடைப் பலகையெல்லாம் ஆடுகிறது. எனக்கு மட்டும் ஒரு வாய்க் காற்று கிடைக்கவில்லை. யா அல்லா என்று கூப்பிடக்கூட மூச்சில்லை.

உள்ளூர் டாக்டர் குழாயை வைத்துப் பார்த்தார். இடது பக்கம் சத்தம் இருக்கிறது, வலது பக்கம் ஒன்றுமே இல்லை என்றார். விரலால் நெஞ்சைத் தட்டினார். எங்கள் செட் பேஸ் டிரம் போல டொம்மென்றது. எக்ஸ்ரேயைப் பார்த்தவர், “இப்பவே தேனிக்குப் போங்க. பஸ்ஸுல வேணாம், கார் பிடிங்க” என்றார். காரில் நூரு என் கையை விடவே இல்லை.

தேனியில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், இதயத்துக்கு ஒரு ஈ.சி.ஜி. தாள் ஓட்டினார்கள், இன்னொரு எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சு டாக்டர் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி எங்கள் ரெண்டு பேருக்கும் சொன்னார். இதற்கு நியூமோதோராக்ஸ் என்று பேர். நுரையீரலில் ஓட்டை விழுந்து, காற்று வெளியே கசிந்து, நுரையீரலுக்கும் விலாவுக்கும் நடுவில் தேங்கிவிடும். அந்தக் காற்று அழுத்த அழுத்த நுரையீரல் சுருங்கிப்போகும். ஒல்லியாக உயரமாக இருக்கிற சிலருக்கு நுரையீரல் உச்சியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருக்கும், அதில் ஒன்று உடைந்திருக்கும். நான் குடிக்கிற பீடி வேறு.

“என்ன வேலை பாக்குறீங்க?” என்றார்.

“சைக்கிள் கடை டாக்டரம்மா.”

“கைப்பம்புல காத்தடிப்பீங்களா?”

“அடிப்பேன்.”

அவர் அதையே எழுதிக்கொண்டார். நூரு என் முகத்தைப் பார்த்தாள். சொல்லாதே என்று கண்ணைக் காட்டினேன். ட்ரம்பெட் என்று சொன்னால் எங்கே, எப்போது, எப்படி என்று கேட்பார். கம்பம் வரைக்கும் சொல்லிவிடலாம். கம்பத்துக்கு அப்புறம் என்ன சொல்வது?

மரத்துப்போக ஊசி போட்டு, விலாச் சந்தில் கீறி, குழாயை உள்ளே விட்டார்கள். வலிக்காது என்றார்கள். வலித்தது. மறுமுனையைப் பாட்டில் தண்ணீருக்குள் விட்டதும் கொடகொடவென்று குமிழி பொங்கியது. உள்ளே தேங்கின காற்று வெளியே போகும், தண்ணீர் இருப்பதால் வெளிக்காற்று உள்ளே வராது. ஓட்டை தானாக மூடும். மூடினால் குமிழி நிற்கும், நின்றால் குழாயை எடுத்துவிடலாம். “நாலஞ்சு நாள்” என்றார் டாக்டர். எனக்கு இதை ரெண்டாம் தரம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழேதான் இருக்க வேண்டும். பாத்ரூமுக்குப் போனால் நூரு அதைக் கையில் தொங்கவிட்டு, யாரும் பார்க்காதபடி முந்தானையால் மூடிக்கொண்டு கூடவே நடப்பாள். செலவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் இட்லியைப் பிட்டுத் தரும்போதுகூட, “மெதுவாங்க, இருமல் வந்தா வலிக்கும்” என்பாள். கடையில் வாய்க்கு வாய் சண்டை போடுகிறவள் அவள். அவள் அடங்கி இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் பயம் வந்தது.

கேரளத்துக்காரி ஒரு நர்ஸ், லிஸி சிஸ்டர். மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து குழாயை என் வாயில் வைத்தார். மூச்சுப் பயிற்சிக்கு. மூன்று பந்தும் மேலே ஏற வேண்டும். அட, இவ்வளவுதானா என்று நான் உதட்டை இறுக்கி ஓர் ஊது ஊதினேன். பந்து அசையவில்லை. விலாவில்தான் உயிர் போயிற்று. பாட்டில் பொங்கியது.

“ஐயோ சேட்டா, ஊதாதீங்க! உள்ள இழுங்க!” என்று சிஸ்டர் என் தோளைப் பிடித்தார். “எல்லாரும் முதல்ல இழுப்பாங்க. நீங்க மட்டும் ஊதுறீங்க.”

இழுத்தேன். ஒரு பந்து அரை அங்குலம் ஏறி விழுந்தது. எனக்கு இழுக்கத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடம் நான் மூச்சை இழுத்ததெல்லாம் சூசையின் சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான்.

ஆஸ்பத்திரியில் எல்லாரும் ராத்திரியைக் கண்டு பயப்படுவார்கள். எனக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது. மத்தியானம்தான் பயம். சாப்பாடு முடிந்து, பார்க்க வந்தவர்கள் போய், வார்டு அடங்கி, ஜன்னல் இடுக்கில் காற்று சீட்டியடிக்கிற நேரம். மூன்று மணிக்குக் கண் சொருகும். உடனே பாட்டில் சத்தம் போடும். மற்ற நேரத்தில் இருமினால் நாலு குமிழி, பேசினால் ரெண்டு. மூன்று மணிக்கு மட்டும் விடாமல் ஒரே கோடாக வரும். விழித்துக்கொண்டு எண்ணுவேன். பெட்டி தூக்குகிற நடையில் எண்ணுவேன். முப்பத்திரண்டில் எனக்கு உடம்பு சில்லிட்டுவிடும். அதற்கு அப்புறமும் வரும். முதல் நாள் தற்செயல் என்று நினைத்தேன். ரெண்டாம் நாள் மூச்சை அடக்கிப் பார்த்தேன். அடக்கியும் குமிழி வந்தது. நான் மூச்சு விடவில்லை, பாட்டில் விடுகிறது. அப்படியானால் அது யாருடைய மூச்சு? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

பார்க்க வந்தவர்கள் வேறு சேர்ந்து படுத்தினார்கள். மாஸ்டர் ஆரஞ்சுப் பையோடு வந்தார். நானாகக் கேட்கவில்லை. அவராகவே, “கவலப்படாத தம்பி. அன்னிக்கி முக்கு வரைக்கும் அறுபடாமப் போச்சு” என்றார். கிளாரினெட்காரர் வந்தார், அவரும் அதையே சொன்னார். சூசை தெருக்காரர்கள் ரெண்டு பேர் வந்து, “அப்பிடி ஒரு ஊதல் கேட்டதில்லண்ணே, முக்கு திரும்புற வரைக்கும் நிக்கல” என்றார்கள். நான் கம்பத்தடியில் நிறுத்திவிட்டேன் என்பது எனக்குத் தெரியும். அறுபடவில்லை என்றால் மீதியை ஊதினது யார்? அறுந்தது என்றால் சூசை அந்தக் கம்பத்தடியில் நிற்கிறான். ரெண்டில் எது உண்மை என்றாலும் எனக்கு நிம்மதி கிடையாது.

ஐந்து நாள் ஆகியும் குமிழி நிற்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். ஏழாம் நாள் மத்தியானம் விழித்தபோது கட்டிலருகில் டாக்டரும் சிஸ்டரும் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தினமும் இப்படித்தான் டாக்டர்” என்றார் சிஸ்டர். “தூங்கும்போது உதடு இறுகும், முகம் சிவக்கும். யாரோ கழுத்தைப் பிடிச்ச மாதிரி.”

டாக்டர் குனிந்து என் மேலுதட்டைப் பார்த்தார். வட்டமாக ஒரு தழும்பு எனக்கு உண்டு, பித்தளை வாய் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்தது.

“சைக்கிள் கடைன்னு சொன்னீங்க.”

“சைக்கிள் கடையும்தான் டாக்டரம்மா.”

நூருவுக்கு அன்றைக்குத்தான் பழைய வாய் திரும்பி வந்தது. “ட்ரம்பெட் ஊதுவாக டாக்டர். கேட்டா சொல்லப்படாதுன்னு கண்ணக் காட்டுறாக. செத்தாலும் சொல்ல மாட்டாக!” என்று கொட்டிவிட்டு அழுதாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஓட்டை ஊதினதால்தான் விழுந்தது என்று அடித்துச் சொல்ல முடியாதாம். கொப்புளம் இருந்தால் சும்மா இருக்கும்போதும் உடையும். ஆனால் இப்போது மூடாததற்குக் காரணம் நான்தான். தொண்டையை அடைத்து முக்கினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும், அந்த அழுத்தத்தில் காற்று ஓட்டை வழியாகப் பீச்சும். மூச்சு விடாமலே குமிழி வந்தது அதனால்தான். காதில் ஏதோ கேட்டது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். மூளைக்குக் காற்று குறைந்தால் காது இரையும் என்றார்.

“ஒட்டுப் போட்ட டியூபுக்கு, ஒட்டு காயுறதுக்கு முன்னாடி காத்தடிப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அதைத்தான் தினமும் படுத்துக்கிட்டு செய்றீங்க. இன்னும் மூணு நாள் பாக்குறேன். நிக்கலேன்னா மதுரைக்கு அனுப்பி, நெஞ்சைத் திறந்து தைக்கணும்.”

விழித்திருக்கும்போது ஊதாமல் இருக்கலாம். தூக்கத்தில் என்ன செய்வது? எட்டாம் நாள் மூன்று மணிக்கு நூரு கட்டிலில் உட்கார்ந்து தன் ரெண்டு விரலை என் உதட்டின் மேல் வைத்துக்கொண்டாள். உதடு இறுகினால் எழுப்புவாள். நாலு தடவை எழுப்பினாள். அவள் விரலில் பூண்டு வாசம். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நெஞ்சைத் திறந்தால் திரும்பி வருவேனா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் அதைத்தான் நினைத்தாள் என்று பிறகு சொன்னாள்.

ஒன்பதாம் நாள் காலையில் பாக்கியம் வந்தாள். கறுப்புச் சேலை. ராயப்பன்பட்டியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். ஒரு தூக்குவாளியில் கஞ்சி. நூருவைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டிலைப் பார்த்தாள்.

நானே ஆரம்பித்தேன். எப்படியும் தெரிய வேண்டும். “ஊதல் முக்கு வரைக்கும் போச்சுன்னு எல்லாரும் சொன்னாக” என்றேன்.

“பொய்யிண்ணே” என்றாள் பாக்கியம்.

தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

“கம்பத்துகிட்ட அறுந்துச்சு. நான் பெட்டிக்குப் பின்னாடி வந்தவ, எனக்குத் தெரியாதா? மாஸ்டருதான் எல்லாரையும் கூப்பிட்டு, காதருகிட்ட அறுந்துச்சுன்னு ஒருத்தனும் மூச்சு விடக் கூடாது, சீக்காக் கெடக்குறவரு மனசு ஒடிஞ்சிரும்னு சொன்னாக. எனக்குப் பொய் சொல்ல வரலண்ணே.”

“அப்ப சூசை… நடுத்தெருவுல…” என்று இழுத்தேன்.

“நிக்கட்டுமே! அங்கன நின்னா என்ன, வீட்டுக்குப் பக்கத்துலதான? ரெண்டு நாளு கூட நின்னுட்டுப் போறாக.” முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “அண்ணே, ஒண்ணு சொல்லவா? அவுக வீட்டுல ஊதிப் பழகுவாக இல்ல, அந்த ஊதலுக்கு ஆரம்பமும் இருக்காது, முடிவும் இருக்காது. எங்கிட்டோ நடுவுல மொளச்சு வரும், நடுவுலயே கரைஞ்சு போயிரும். இதென்னங்க ஊதல், தலையும் இல்லாம வாலும் இல்லாமன்னு கேப்பேன். சிரிப்பாக. அப்பறம் ஒரு சாவு வீட்டுல உங்க பின்னாடி நின்னு ஊதுறதப் பாத்தேன். வெளங்கிருச்சு. பதினாலு வருசமா எனக்குத் தெரியும்.”

“பாக்கியம்…”

“பாதி அவுகளோடதுதானண்ணே. அவுக வராதப்ப அது அறுந்துதான ஆகணும்? அறுபடாமப் போயிருந்தா எனக்கு வயிறு எரிஞ்சிருக்கும். அவுக இல்லாமலே எல்லாம் ஆயிருச்சேன்னு.”

நான் அழுதேன். இருமலும் வந்தது, வலி உயிர் போனது, நிறுத்த முடியவில்லை. நூரு விலாவை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பாக்கியம் தன் பாட்டுக்குக் கஞ்சியை ஊற்றி, ஆற்றி, “குடிங்கண்ணே” என்றாள்.

அன்று மத்தியானம் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. விழித்தபோது மணி ஐந்து. நூருவின் விரல்கள் உதட்டின் மேலேயே இருந்தன. ஒரு தடவைகூட எழுப்பவில்லையாம். பாட்டிலைப் பார்த்தேன். தண்ணீர் சும்மா இருந்தது. இருமச் சொன்னார் சிஸ்டர். இருமினேன். ஒரே ஒரு குமிழி வந்தது. மறுநாள் அதுவும் இல்லை. குழாயை மடக்கிக் கட்டி ஒரு நாள் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே எடுத்து, பதினோராம் நாள் உருவினார்கள். டாக்டர் கையெழுத்துப் போடும்போது, “இனிமே ஊதக் கூடாது. பீடியும் கூடாது” என்றார். ரெண்டுக்கும் தலையாட்டினேன். ரெண்டாவதற்குத்தான் கஷ்டப்படுவேன் என்று நினைத்திருந்தேன். முதலாவதுதான் இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

சூசையின் முப்பதாம் நாள் பூசைக்கு ராயப்பன்பட்டிக்குப் போனேன். சூசை வீட்டு வாசலில் மாஸ்டர் எழுந்து வந்து, “வாங்கப்பா, நம்ம ஒத்த மூச்சு காதர் வந்துட்டாப்ல” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

“அது ஒத்த மூச்சு இல்ல மாஸ்டர்” என்றேன். “ரெண்டு பேரு மூச்சு. நடுவுல ஊதுனதெல்லாம் சூசை. நான் ஒளிஞ்சு நின்னு மூச்சு வாங்கிக்கிட்டிருந்தேன்.”

திண்ணையில் இருந்த ஒரு பெரியவர், “அதான பாத்தேன்” என்றார். மாஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

மணி அடித்ததும் மாதாகோயிலுக்குப் புறப்பட்டார்கள். மேளம் இல்லை, வெறும் நடை. காற்று எதிர்த்து அடித்தது. கம்பம் வந்தபோது என் கால் நின்றது. பாக்கியம் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள். அதற்கு அப்பால் இருபத்தெட்டு எட்டு. ஒன்று, ரெண்டு என்று எண்ணிக்கொண்டு நடந்தேன். இடது பக்கம் ஒரு எட்டு பின்னால் யாரும் இல்லை. பதினைந்தாவது எட்டில் எனக்கு மூச்சு முட்டியது. நடுத்தெருவில் நின்று, இடுப்பில் கை வைத்து, வாயைத் திறந்து, எல்லாரும் பார்க்க மூச்சு வாங்கினேன். பிறகு மீதி பதின்மூன்றையும் நடந்தேன்.